வலது கை, இடது காது: சதுரங்கப்பட்டினம் போய்வந்த ஐந்து நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு எழும்பூரில் ரயில் ஏறினேன். செங்கற்பட்டுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட், ஒரு ரூபாய் இரண்டணா. கையில் இரண்டு சேலை அடங்கிய பை, ஒரு குடை, அறுபத்து நான்கு கேள்விகள்.

கேள்விகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவள். உலகம் முழுவதும் குழந்தைகள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்கு உரியது அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டு எழுத, ஐரோப்பாவில் ஒரு சங்கம் புறப்பட்டிருக்கிறது. பிரேசில் பிள்ளைக்கும் பர்மாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள். எங்கள் மாகாணத்தில் செங்கற்பட்டுக் கடற்கரை என் தலையில் விழுந்தது. கேள்விகளைத் தமிழில் எழுதியதும் நான்தான். பதினோராவது கேள்வி, 'குழந்தைக்குத் தனிப் படுக்கையறை உண்டா?' எனக்கே நாற்பத்திரண்டு வயதில்தான் தனியறை கிடைத்தது. இருந்தாலும் அடிபிறழாமல் எழுதி வைத்தேன். எதையும் அடிபிறழாமல் செய்வது என் சுபாவம். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எட்டரை மணிக்குச் செங்கற்பட்டு. ரயில் ஏரிக்கரையை ஒட்டியே வந்து நிற்கிறது. ஆனி மாதத்திலும் தண்ணீர் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு இட்லியும் காபியும் மூன்றணாவுக்குச் சாப்பிட்டுவிட்டு, சதுரங்கப்பட்டினம் போகும் பஸ்ஸில் இடம் பிடித்தேன். பதினேழு மைல், பதினோரணா. பஸ் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தது என்றால் என்ன என்பதில் எனக்கும் கண்டக்டருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. என் மடியில் யாரோ ஒருவருடைய வெற்றிலைக் கட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு நிறைந்தது.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. கண்டக்டர் என் குடையைப் பார்த்து நான் யாத்திரைக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்.

"இன்னாம்மா, எறங்கலியா? உச்சிக்குக் கழுகு வரும். பாத்துட்டு அடுத்த வண்டில வாங்க."

"கழுகு நாளைக்கும் வருமில்லையா?"

"அது வரும். நீங்க வரணுமே!"

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இறங்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் நான் தங்கியது மைமூன் பீவி வீட்டில். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழிக்கு அந்தக் குடும்பம் பழக்கம். மைமூனின் கணவருக்குச் சவுக்கு விறகு வியாபாரம். கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்கு விறகு அனுப்புகிறவர். வாசலில் பை வைக்கும் முன்பே மைமூன் கேட்டார்: "குழந்தைங்களப் பத்தி எழுத வந்தீங்களாமே. ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

"இல்லை."

"அதான் நேரம் கீது," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஐந்து பெற்றவர் தன் கணக்கில் சொன்னார். உடனே ஒரு சொம்பு மோரும் வந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வடக்கே அரை மைலில் இருக்கும் மீனவர் குப்பத்துக்குப் போனேன். குப்பத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க நான் இதை எழுதவில்லை. கட்டுமரங்கள் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தன. மத்தி வாசனையும் ஈர மணலும் காக்கைக் கூட்டமுமாக இருந்தது. நான் குடையை விரித்து, தாளை விரித்து, கன்னியம்மா என்ற மீன்காரியிடம் முதல் கேள்வியைத் தொடங்கினேன். முப்பது வயதிருக்கும். கூடையில் மீனை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"உங்கள் குழந்தை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் விளையாடுகிறது?"

"வேல இல்லாத நேரம் பூரா வெளையாட்டுதான். வேல செய்யிற நேரத்துலயும் வெளையாட்டுதான். அதுக்கு ஒரு காகிதமா?"

பள்ளிக்கூடக் கேள்விக்கு வந்தோம். ஆறு வயதுச் சின்னவன் போன வருடமே சேர்ந்துவிட்டான். மூத்தவள் பவுனு, எட்டு வயது, போகவில்லை. காரணம் என்ற இடத்தில் சங்கத்தார் நான்கு கட்டம் போட்டிருந்தார்கள்: வறுமை, பெற்றோருக்கு விருப்பமின்மை, பள்ளி இல்லாமை, நோய். பையன் போகிறான், பெண் போகவில்லை. இதற்குக் கேட்கவும் வேண்டுமா? நான் கேட்காமலே இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். போட்ட பிறகு பேச்சுக்குத்தான் கேட்டேன், ஏன் அனுப்பவில்லை என்று.

கன்னியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அனுப்பலியா? மூணு வருசமா இட்டுக்கினு போறேன். அதுக்கு இன்னும் வயசு ஆவலன்னு வாத்தியாரு திருப்பி அனுப்பறாரு."

"தம்பிக்கு வயது ஆகிவிட்டது. அக்காவுக்கு ஆகவில்லையா?"

"காது எட்டலியே."

அதற்குள் பவுனு வந்துவிட்டாள். எண்ணெய் காணாத செம்பட்டை முடி, துறுதுறு கண்கள், பாவாடையில் மீன் செதில். வலது கை மட்டும் விறைத்து நீட்டியபடி இருந்தது. நாலு வயதில் கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்ததாம். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தால், எலும்பு கூடியிருந்தது. முழங்கை மடங்க மறுத்துவிட்டது. தோளிலிருந்து கை மேலே போகும். தலைக்கு மேல் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். வளைந்து காதுக்கு வராது.

படிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பரீட்சையில் தேறியே பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். பிறந்த பதிவு இல்லாத பிள்ளையை வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். பவுனு பிறந்த சமயம் குடும்பம் பிழைப்புக்கு வேறு கரைக்குப் போயிருந்தது. அங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. ஆகவே அவளுக்கு வயது என்பது காதுதான்.

பவுனு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க, நீ தொடு பாக்கலாம்."

"டீச்சரம்மாவ நீங்கன்னு சொல்லு, கய்த!" என்று கன்னியம்மா அதட்டினாள்.

நான் குடையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுக் காட்டினேன். ஊருக்கு வருகிற எல்லாரையும் பவுனு இப்படிச் சோதிப்பாளாம். பக்கத்திலிருந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தொட்டுவிட்ட என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட கோட்டை அடித்தேன். அடித்த பிறகு வேறு எந்தக் கட்டத்திலும் போட இடமில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். ராமலிங்கம் வாத்தியாரைப் பார்த்ததும் கோபம் பாதியாகிவிட்டது. ஒரே கூரையடியில் நான்கு வகுப்பை ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு எட்டு வயசுன்னு எனக்குத் தெரியாதாங்க? தம்பிக்கு அவதானே மூக்கச் சிந்தி உட்டு இங்க கொண்டாந்து விடறா," என்றார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு ரிஜிஸ்டரைக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் வயது வராத நாலு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை. "அன்னியிலருந்து பதிவு, இல்லாட்டிக் காது. ரெண்டுல ஒண்ணு இல்லாம ஒரு பேரும் எழுதறதில்ல."

"அடுத்த வருடம்?"

"அடுத்த வருசம் ஒம்பது ஆயிடுமே. ஒம்பது வயசுப் புள்ளைய ஒண்ணாங்கிளாசுல உக்கார வைக்கப் பள்ளிக்கூட மானேஜர் ஒத்துக்க மாட்டாருங்க."

இந்த வருடம் வயது ஆகவில்லை, அடுத்த வருடம் வயது மீறிவிடும். எட்டு வயதுப் பெண்ணுக்கு எட்டு வயதாக இருக்க ஒருநாள்கூட இல்லை. சேர்க்கை எப்போது முடிகிறது என்று கேட்டேன். நாளை, வெள்ளிக்கிழமை மதியம் என்றார்.

"அவளுடைய இடது கை நன்றாக இருக்கிறதே. அந்தக் கையால் வலது காதைத் தொட்டால் என்ன?"

அவர் பதறிப்போனார். "பீச்சாங்கையாலயா? பள்ளிக்கூடம் சேர்ற அன்னிக்கா?" பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, தூசி தட்டி, என் முன்னால் விரித்தார். "நானா வச்ச சட்டம் இல்லீங்க. டிரெயினிங்ல எழுதிப் போட்டாங்க, பாருங்க."

பார்த்தேன். 'வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதின் நுனியைத் தொடச் செய்க.' அவர் படித்தது வேறு ஊரில், வேறு பள்ளியில். ஆனால் வாக்கியம் அதே வாக்கியம். பன்னிரண்டு வருடமாக, வருடத்துக்கு நாற்பது பேருக்கு, ஒரு எழுத்து மாறாமல் நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற வாக்கியம். ஏன் வலது கை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வாத்தியாரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "புள்ளையோட அம்மாவே வந்து, பரவால்ல, அந்தக் கையால தொடட்டும்னு என் எதிர்ல சொல்லட்டும். எழுதறேன். நாளைக்கு ஊர்ல யாரும் என்னக் கேக்கக் கூடாது பாருங்க."

மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்க டச்சுக் கோட்டைக்குள் போனேன். சுவர் இடிந்து கிடக்கிறது; உள்ளே ஆடு மேய்கிறது. கல்லறைகளில் மட்டும் எழுத்து அப்படியே இருக்கிறது. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது, எண் தெரியும். பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் கடலையோ தாண்டி வந்து இங்கே செத்துப்போனவர்களுக்கு வயது இருக்கிறது. அரை மைலுக்கு அப்பால் உயிரோடு ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இல்லை. எரிச்சலோடு எழுந்து நேரே குப்பத்துக்கு நடந்தேன்.

நாலு மணி இருக்கும். கன்னியம்மா மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"தோ பாரும்மா. அது வலக்கைய வாய்க்குக் கொண்டாற முடியாது. பீச்சாங்கையாலதான் துன்னுது. கல்யாணத்துல எல்லாரும் வரிசையா குந்திக்கினு துன்றப்போ, அத்த மட்டும் பின்னால தனியா இலை போட்டுக் குந்த வெக்கறாங்க. என் சொந்த அண்ணி வூட்டுலயே அப்பிடித்தான். இப்ப இஸ்கூலுலயும் பீச்சாங்கையால சேந்த புள்ளைன்னு ஒரு பேரு வேணுமா அதுக்கு?"

நான் பேசினேன். கல்வி என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்றேன். உலகத்தில் பெரியவர்கள் எல்லாரும் கூடி அப்படித்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசினேன்.

"உரிமை கீதும்மா," என்றாள் கன்னியம்மா. "கையி இல்லியே."

பவுனு கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து, இடது கையால் மணலில் கோடு இழுத்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். "கன்னியம்மா, வாத்தியாருக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது என்னைப் போன்றவர்கள். வலது கை என்று பலகையில் எழுதுகிறவளே நான்தான். யோசிக்காமல் எழுதினேன். தப்பு என்னுடையது."

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயா?" என்றாள். முன்பு மகளை 'நீங்க' சொல்லச் சொன்னவள்.

"நான்தான்."

"அப்ப நாளைக்கு வா. நானும் வர்றேன். நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்னு வாத்தியாராண்ட, அத்தினி புள்ளைங்க எதிர்ல, நீ சொல்லு. மொதல்ல உன் பேரு கெடட்டும். அப்பறம் என் பொண்ணு பேரப் பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமல்லபுரம் வழியாகப் போகும் விறகுப் படகில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். படகுக்காரர் ஆள் அனுப்பினார். நான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மைமூன் நாஸ்தா போட்டுக்கொண்டே கேட்டார், "வேற யாரோ பெத்த புள்ளைக்கு நீங்க போயி மன்னிப்பு கேக்கணுமா?" ஆமாம் என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு ஆப்பம் துன்னுங்க. வெறும் வயித்துல அது முடியாது," என்றார்.

பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றோம். நாற்பது ஐம்பது பிள்ளைகள் தரையில். பவுனுவின் தலைக்கு அன்று எண்ணெய் கிடைத்திருந்தது. முதல் வரிசையில் அவள் தம்பி, அக்காவைத் தெரியாதவன் மாதிரி சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடம் மேடையில் நின்று பேசியவள்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது. பக்கத்தில் கன்னியம்மா நின்றதால் ஓடவில்லை.

"பிள்ளைகளே, நான் வாத்தியார்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வயது பார்க்க வலது கையால்தான் காதைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு. அந்தத் தப்பினால் இந்தப் பெண் மூன்று வருடம் வெளியே நின்றாள். எந்தக் கையால் தொட்டாலும் வயது வயதுதான்," என்றேன். ஒரு பிள்ளை, "டீச்சர் தப்புப் பண்ணா தோப்புக்கரணம் உண்டா, சார்?" என்று கேட்டது. வாத்தியார் பிரம்பைத் தட்டி அதை அடக்கினார். இல்லாவிட்டால் போட்டிருப்பேன்.

ராமலிங்கம் வாத்தியார் கன்னியம்மாவைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தக் கையாலதான் அது எனக்குத் தண்ணி மொண்டு குடுக்குது. அந்தக் கையாலதான் இவன இட்டுக்கினு வந்து உங்களாண்ட வுடுது. தொடட்டும், சார்."

அவள் முடிக்கும் முன்பே பவுனுவின் இடது கை தலையைத் தாண்டி வலது காதைப் பிடித்துவிட்டது. நுனியைத் தொடவில்லை, முழுக் காதையும் கெட்டியாகப் பிடித்தாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடி போட்டு, பேனாவுக்கு மை ஊற்றி, பெயர், தகப்பன் பெயர், வயது எட்டு என்று எழுதி முடிக்கும்வரை அவள் விடவில்லை. காது சிவந்துவிட்டது.

"விடு, விடு. எழுதியாச்சு," என்றார் வாத்தியார்.

"காட்டு," என்றாள் பவுனு. அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மை ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். அதன் பிறகுதான் காதை விட்டாள்.

வெளியே வந்ததும் கன்னியம்மா, "வரேன், டீச்சரம்மா. மீனு காயுது," என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சவுக்குக் கட்டைகளின் மேல் உட்கார்ந்து கால்வாயில் புறப்பட்டேன். மாமல்லபுரம் ஒன்பது மைல், நாலரை மணி நேரம். ஓர் ஆள் கழியால் தள்ள, இரண்டு பேர் கரையில் கயிறு பிடித்து இழுத்தார்கள். எட்டணா கொடுத்தேன், படகுக்காரர் பாதியைத் திருப்பிக் கொடுத்து, "விறகுக்கு ஏது டிக்கெட்?" என்றார். மாமல்லபுரத்தில் சிற்பங்களை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ரசித்தது ஒன்றுதான்: குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கல் குரங்கு. அந்தக் குட்டிக்கு யாரும் வயது கேட்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் செங்கற்பட்டு பதினெட்டு மைல். ரயிலில் உட்கார்ந்து கேள்வித்தாளை எடுத்தேன். நான்கு கட்டத்துக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, 'நாங்கள்' என்று எழுதினேன். ஐரோப்பாக்காரர்களுக்குப் புரியுமோ புரியாதோ, எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணி, சென்னை, என் வகுப்பு. மின்விசிறி உண்டு, ஆளுக்கொரு மேஜை உண்டு, நாற்பது வருங்கால ஆசிரியைகள் உண்டு. சதுரங்கப்பட்டினத்துக் கூரைப் பள்ளியில் இல்லாதது எல்லாம் இங்கே இருக்கிறது. அங்கே நடந்த தப்பு இங்கிருந்துதான் போயிற்று. சாக்குக் கட்டியை எடுத்து அந்தப் பழைய வாக்கியத்தை எழுதினேன். பிறகு 'வலது' என்பதையும் 'இடது' என்பதையும் துணியால் அழித்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எந்தக் கை, டீச்சர்?"

"அதைக் குழந்தையைக் கேள்," என்றேன்.